செம்பும் சம்மதமும்

வீட்டுச் சுவருக்குள் செம்புக் கம்பி ஓட, அதன் வெளிச்சத்தில் உட்கார்ந்து செம்பு ஆலையை எதிர்த்து எழுதலாமா? தூத்துக்குடி ஸ்டெர்லைட் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி வீசப்படுகிறது. பெரும்பாலும் பதிலுக்காக அல்ல, வாயை அடைப்பதற்காக. என்றாலும் கேட்பவனின் நோக்கத்தால் கேள்வி பொய்யாகிவிடாது. விளாத்திகுளத்திலிருந்து இதை யோசிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஆலைப் புகை மூக்கைத் தொடும் தூரத்தில் நாங்கள் இல்லை. கம்பி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

நம் பாஷையில் உலோகத்தின் பெயரே பாத்திரத்தின் பெயர். எவர்சில்வரில் செய்ததையும் செம்பு என்றே சொல்கிறோம். இதே மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் தாழிகளோடு வெண்கலம் கிடைத்தது. அதை உருக்கியவனும் புழங்கியவனும் ஒருவரையொருவர் அறிந்திருக்கக்கூடும். இன்றைய செம்பு கண்ணில் படாத பொருள். சுவருக்குள், மோட்டாருக்குள், கயத்தாற்றுக் காற்றாலைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. சுத்தமான மின்சாரம் என்று நாம் கொண்டாடுவதற்கும் இது டன் கணக்கில் வேண்டும்.

ஆலைக்கு வரும் தாதுத்தூளில் செம்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. கந்தகம் கிட்டத்தட்ட அதே அளவு. இரும்பு, கொஞ்சம் ஆர்சனிக். உருக்கும்போது கந்தகம் வாயுவாகிறது. பிடித்தால் அமிலம், தப்பினால் ஊர்க்காற்று. இரும்பு கசடாகக் குவியும். ஆண்டுக்கு 4 லட்சம் டன் உற்பத்தித் திறன் என்றால் அதைவிட அதிகமாகச் செம்பல்லாதது வெளியே வருகிறது என்று அர்த்தம். செம்பு லாரியேறிப் போய்விடும், அமிலமும் விலைபோகும். விலைபோகாதது ஊரில் தங்கும். கம்பி வாங்கியவன் கொடுத்த விலையில் குமாரரெட்டியாபுரத்துக் கிணறு சேர்க்கப்படவில்லை. பயன்படுத்துவதையே சம்மதமாகக் கொள்பவர்கள், இந்த விடுபட்ட கணக்கையும் சம்மதத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், ஆலை மாசு விளைவித்ததைச் சொல்லி 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது; ஆலை தொடர்ந்து நடக்கவும் விட்டது. வேலைவாய்ப்பு, வருவாய், நாட்டுக்குச் செம்பு என்று காரணங்கள். தீங்குக்கு விலை நிர்ணயித்துவிட்டால் அது தீங்காக நீடிப்பதில்லை, செலவாக மாறிவிடுகிறது. 2018 மே 22, போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்த மாதமே அரசு ஆலையை மூடியது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் மூடலை உறுதி செய்தது.

இடையில் 2021. கொரோனாவின் இரண்டாம் அலையில், அதே வளாகத்தில் ஆக்ஸிஜன் மட்டும் தயாரிக்க நீதிமன்றம் அனுமதித்தது. செம்பு உருக்குவதற்கென்று அமைத்த கருவிதான் அது. மூச்சுக்குத் தவித்தவன் வாங்கிக்கொண்டான். அதையும் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாமா?

ஆனால் மறுப்பும் அவ்வளவு தூய்மையானதல்ல. இந்த ஆலை முதலில் மகாராஷ்டிரத்து ரத்னகிரிக்கு என்று திட்டமிடப்பட்டது. அங்கே எதிர்ப்பு வலுத்து 1993இல் வேலை நின்றது. 1994இல் தூத்துக்குடியில் அடிக்கல். ரத்னகிரிக்காரர்களை இதற்குக் குறை சொல்வது அபத்தம். தங்கள் வாசலைக் காத்தவர்கள், அது எந்த வாசலுக்குப் போகும் என்பதைத் தீர்மானித்தவர்கள் அல்லர். தூத்துக்குடி ஆலை மூடிய பின் இந்தியா செம்பை ஏற்றுமதி செய்த நிலை மாறி, இறக்குமதி செய்யும் நாடாயிற்று. நம் கம்பிக்காக வேறெங்கோ உருகுகிறது. சிலியில் சுக்கிகமாட்டா என்ற பெரும் சுரங்கத்தை ஒட்டியிருந்த ஊரே, மாசினாலும் நெருங்கிவந்த கழிவு மேடுகளாலும் 2007 வாக்கில் காலி செய்யப்பட்டு, பக்கத்துக் காலாமா நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த மக்களும் விளக்குப் போட்டுத்தான் வாழ்ந்தார்கள்.

ஆலை மூடியே இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைச் சொல்லும் அதே வாக்கியத்தில் சுக்கிகமாட்டாவையும் சேர்க்க முயலும்போது வாக்கியம் உடைகிறது. எங்களூரில் வேண்டாம் என்ற குரலைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு செம்பு வேண்டாம் என்று இங்கே எந்தக் கூட்டத்திலும், காற்றாலைகளைப் புகழும் கூட்டங்களிலும்கூட, யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.