இல்லிலார்க்கு இடங்கொடுத்தல்



மாத்தளையினின்று தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியிலே நாவுல என்னும் ஊர் உளது. அதற்கு அணித்தாகிய நாலந்தாவிலே, பல்லவர் சிற்பமுறை தழுவிய பழைய கற்றளியொன்று நிற்கின்றது. போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அது மூழ்குமென்று கண்ட அறிஞர், அதனைக் கல்லுக்குக் கல்லாகப் பெயர்த்து, 1980-ஆம் ஆண்டளவில் மேட்டிலே மீள நிறுத்தினர். கல்லாலாய வீட்டுக்குக் காட்டிய பரிவு நன்றே. சிவன் உறையும் நடமாடுங் கோயிலாகிய மனிதன் வீடிழந்து நிற்கும்போது நாம் காட்டும் பரிவு யாது?

இவ்வழியேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் பேதியாலும் வழியில் மாண்டார் பலர். எஞ்சி மலையேறியோர்க்குக் கிடைத்தது லயம்: குடும்பமொன்றுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. தொழிலுக்கு வந்தோர் தங்கும் கொட்டிலாக எழுந்த அது, பேரன் பேர்த்திகளுக்கும் வீடாய் நிலைத்தது.

2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே தித்வா என்னும் புயல் இலங்கையைத் தாக்கிற்று. மலைநாடெங்கும் மண் சரிந்தது. மாத்தளை மாவட்டமுந் தப்பவில்லை. நாடெங்கும் அறுநூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடிழந்தோர் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் புகுந்தனர்.

அத்தகைய மழையிரவொன்றிலே பள்ளியின் சாவி எம் கையிலிருந்தது. மேலிடத்து உத்தரவு வரட்டுமென்று ஒரு நாழிகை தாமதித்தோம். வாயிலிலே குழந்தைகள் நனைந்து நின்றன. சாவியைத் திருப்ப ஒரு நொடி போதும். அந்நாழிகையை நினைந்து இன்றும் நாணுகின்றோம்.

ஆயினும் வகுப்பறை வீடாகாது. பாலூட்டுந் தாய்க்கும் பருவப்பெண்ணுக்கும் அங்கே மறைவில்லை. பாடந் தொடங்கும் நாள் வந்தால், அகதியை வெளியேற்றுவதா, மாணாக்கனை வெளியே நிறுத்துவதா என்று ஆசிரியர் இருதலைக்கொள்ளி எறும்பாவர். ஆதலின், குடும்பத்துக்கொன்றாகச் சிறுமனைகளை விரைந்து அமைத்தலே தக்க வழியாம்.

அவற்றுக்கு அளவு உண்டு. நிவாரணத் தொண்டர் உலகெங்கும் கொள்ளும் ஸ்பியர் நெறிப்படி, ஒருவர்க்கு 3.5 சதுர மீற்றர் இடமும், நாளொன்றுக்கு 15 லீற்றர் நீரும், இருபது பேர்க்கு ஒரு மலகூடமும் குறைந்தபட்சம் வேண்டும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஏறத்தாழ 188 சதுர அடியாகும். லய அறையோ 120 சதுர அடியே! ஆபத்துக்காலத்துக்கென்று உலகம் வகுத்த சிற்றளவினும் குறைந்த இடத்திலே நம்மவர் தலைமுறைகளைக் கழித்தனர். இதனை மாணாக்கர்க்குக் கணக்காகவே போட்டுக்காட்டுக.

இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்து சரிவற்றதென்று கூறிய பின்னரே கால் நடுக. மனைதோறும் பூட்டும் சாவியும் இருக்க. நிலையான வீடு எந்நாளிற் கிடைக்கும் என்பதையும் முதல்நாளே எழுத்திற் பெறுக. 2014 அக்டோபர் 29-ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மண்ணில் வீடிழந்தோர், நிலையான மனை பெறுதற்கு ஈராண்டளவு காத்திருந்தனர். நாள் குறியாத கொட்டில் இன்னொரு லயமாகிவிடும்.

“அவரவர் வினைவழி அவரவர்க்கு, நாம் தடுப்பதெங்ஙனம்?” என்பார் சிலர். வீடிழந்தது அவர்வினையாயின், கண்டும் வாளாவிருப்பது நம்வினை அன்றோ? அதன் பயனை நுகர்வார் யார்?

யாம் பாதிரிமார் பள்ளியிற் பயின்றோம். அவர்கள் ஏழைக்கு இடங்கொடுத்தல் கண்டு, இவ்வறம் நம் சமயத்தில் இல்லையோ என்று இளமையில் மயங்கினோம். பின்னர்ப் பெரியபுராணத்தில் அப்பூதியடிகள் வரலாறு கற்றுத் தெளிந்தோம். திங்களூரிலே அவர் அமைத்த தண்ணீர்ப்பந்தருக்கும் மடங்களுக்கும் தம் பெயரை இட்டாரல்லர்; தாம் கண்ணாற் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரையே இட்டனர். இன்று தகரக்கூரை ஒன்றிட்டு, அதன்மேல் நம் பெயர்ப்பலகையை அதனினும் பெரிதாக மாட்டுகின்றோம். அது தருமமன்று; வியாபாரம்.

ஆசிரியர்காள்! அடுத்த மழை வருமுன், உம்மூரிலே மேட்டுநிலம் எது, கிணறு எது, சாவி யார் கையில் என்பவற்றை எழுதிவைம்மின். மாணாக்கரோடு கூடி மூங்கிலும் கயிறும் சேர்த்துவைம்மின். சாவியைத் தாமதித்த கை எமது. உமது கை அவ்வாறு ஆகாதிருப்பதாக.

திருச்சிற்றம்பலம்.