நாமத்தின் அளவும் நாமியின் பூரணமும்

ஒரு பொருளுக்கு இட்ட நாமத்தைக் குறைத்தால் நாமியாகிய அப்பொருளுக்கும் ஏதேனும் குறைவு நேருமா என்னும் கேள்வி நம் தத்துவ சாஸ்திரங்கள் நெடுங்காலம் ஆராய்ந்த ஒன்று. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தம் நித்தியமானது, ஒருவரால் ஏற்படுத்தப்பட்டதன்று என்றனர் மீமாம்சகர். இச்சொல்லால் இப்பொருள் அறியப்படுக என்ற சங்கேதத்தால் வந்ததே அச்சம்பந்தம் என்றனர் நையாயிகர். அந்தப் பழைய விவாதம் நம் காலத்தில் கணிப்பொறியின் அடித்தளத்திலும் எழுந்திருக்கிறது.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் உட்கருவாகிய கர்னலில், ஒரே சமயத்தில் நடைபெறும் வேலைகள் பல. திரெட் எனப்படும் அந்த இழைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுத ஒதுக்கப்பட்ட இடம் 16 பைட். பெயர் முடிந்தது என்று அறிவிக்கும் பூஜ்யம் அதில் ஒன்றைக் கொள்ள, பெயருக்கு எஞ்சுவது 15. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் எழுதும் தமிழுக்கோ குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். எங்கள் சீமையில் தாமிரபரணி என்று வழங்கும் ஆற்றின் கரையிலுள்ள குழித்துறையின் பெயரையே ஓர் இழைக்கு இடுவோமானால், உயிர்க்குறிகளும் புள்ளியும் சேர்ந்து பத்துக் குறியீடுகள், 30 பைட் ஆகும். ஆகவே சரிபாதியில் வெட்டுண்டு 'குழித' என்பது மட்டும் நிற்கும். துறை முழுவதும் போய்விடும்.

இவ்வாறு வெட்டுண்டதனால் அந்த இழைக்கு யாதொரு ஹானியும் இல்லை. கர்னல் அதனை அடையாளம் காண்பது ஓர் எண்ணைக் கொண்டு; அதன் வேலை முன்போலவே நடைபெறும். எனவே நையாயிகர் கூறியதே இங்கே பொருந்துகிறது என்று முடித்துவிடத் தோன்றும். ஆயினும், முதல் 15 பைட்டும் ஒத்த இரண்டு நெடும் பெயர்கள் வெட்டுண்டபின் ஒரே பெயராகி நிற்க, எது எவ்வேலையைச் செய்கிறது என்று நள்ளிரவில் பட்டியலைப் பார்த்துத் தேடும் நிர்வாகியை நினைத்துப் பார்த்தால், நஷ்டம் யாருடையது என்பது விளங்கும். நாமம் அழைப்பவனுக்காகவும் அறிய விரும்புகிறவனுக்காகவும் ஏற்பட்டது. அது குறையும்போது குறைவது அவனுடைய ஞானம்.

அப்படியானால் பெயரைச் சுருக்குவதே குற்றமா? எங்கள் சீமையின் வழக்கம் அவ்வாறு சொல்லவில்லை. 1956 நவம்பர் 1-இல் சென்னை ராஜ்யத்துடன் இணையும் வரை குழித்துறை மலையாள நாட்டோடு சேர்ந்திருந்தது. அச்சீமை முன்பு அடங்கியிருந்த திருவிதாங்கூரின் கடைசி மன்னர், பத்மநாபதாசர் என்று தொடங்கும் நீண்ட விருதுகளைத் தாங்கியவர், ஜனங்களுடைய நாவில் சித்திரைத் திருநாள் என்றே வாழ்ந்தார். சிவராத்திரிக் காலத்தில் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கிக் குழித்துறைக்கு அண்மையிலுள்ள திக்குறிச்சி வழியாகத் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களை நாடி, காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியுடன் ஓடுகின்ற பக்தர், சிவனைத் தரிசிக்கச் செல்லும் அந்த ஓட்டத்தில் 'கோவிந்தா, கோபாலா' என்றே கூவுகின்றனர். ஓடுகிறவனுடைய மூச்சுக்கு ஸஹஸ்ரநாமம் அடங்காது; இரண்டு நாமம் அடங்கும். ஆயிரம் நாமங்களுக்கு ராமநாமம் ஒன்றே சமானம் என்று சிவபெருமான் பார்வதிக்கு உபதேசித்ததாக விஷ்ணு ஸஹஸ்ரநாம மரபும் கூறும். சிறிய நாமம் அங்கே பூரணமாக விளங்குவதற்குக் காரணம், சொல்லுகிறவன் எதைச் சொல்ல வேண்டும் என்பதை அன்பினால் தேர்ந்து கொண்டிருப்பதும், சொல்லாமல் விட்டதனைத்தும் அவன் உள்ளத்தில் அழியாமல் இருப்பதுமே.

கர்னலின் வெட்டு இவ்விரண்டும் இல்லாதது; எந்தப் பகுதி பொருளுடையது என்று பாராமல் அளவு முடிந்த இடத்தில் நறுக்குகிறது. அதிலும் ஒரு பேதம் உண்டு. இழைக்குப் பெயரிடும் கர்னல் அழைப்பு, நீண்ட பெயரைப் பெற்றால் வாய் திறவாமல் வெட்டி வைத்துக்கொண்டு, காரியம் முடிந்தது என்று பதில் தரும். அதே பணிக்கென்று குனு சி நூலகத்தில் அமைந்த செயற்கூறு, பெயர் எல்லை கடந்தது என்று பிழை கூறி மறுத்துவிடும். மறுப்பவன் முகத்துக்கு நேரே சொல்லுகிறான். மௌனமாக வெட்டுகிறவனோ, கேட்டவனிடம் ஓர் அசத்தியத்தை விட்டுச் செல்கிறான்.

2022-இல் வெளிவந்த லினக்ஸ் 5.17-இல் இதற்கு ஒரு நற்பரிகாரம் கண்டனர். அந்த 16 பைட் அளவை நம்பி எழுதப்பட்ட பழைய நிரல்கள் பல இருத்தலால் அவ்விடத்தை விரிக்காமல், கர்னலின் சொந்த இழை ஒன்றின் பெயர் அதில் அடங்காதபோது முழுப்பெயரை வேறோரிடத்தில் காத்து, விசாரிப்பவருக்கு அதனைக் காட்டும்படி செய்தனர். பழைமைக்கும் பங்கமில்லை; பூரண நாமத்துக்கும் அழிவில்லை. இதனை வெறும் தொழில்நுட்பச் சாமர்த்தியமாக நான் கருதவில்லை. ஒரு தர்மத்தின் அனுஷ்டானமாகவே கருதுகிறேன்.

அந்தத் தர்மம் மனிதருடைய பெயர்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். வீட்டுப் பெயரும் தந்தை பெயரும் சேர்த்து ஒருவர் எழுதிக் கொடுத்ததை, படிவத்தில் கட்டம் போதவில்லை என்று பாதியில் நிறுத்துகிறவர், ஒரு குடும்பத்தின் ஸ்மிருதியில் கை வைக்கிறார். இடம் சிறிதாயிருப்பது பாவமன்று. உலகில் எல்லா இடமும் சிறியதே. ஆனால் சுருக்குகிறவன், தான் சுருக்கினேன் என்பதைச் சொல்லவும், முழுமையைக் கேட்டு வருகிறவனுக்கு அதனை எடுத்துக் கொடுக்கவும் கடமைப்பட்டவன்.