காய்ச்சலுக்குக் காவல்

கார்-டி செல் சிகிச்சையில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சலாகத்தான் முதலில் தலைகாட்டும். நோயாளியின் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களை எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றி, மறுபடி உடம்பில் ஏற்றுகிறார்கள். அவை பெருகும்போது சைட்டோகைன்கள் என்ற அழற்சிப் புரதங்கள் கட்டுமீறிச் சுரக்கலாம். உடம்பு கொதிக்கும், ரத்த அழுத்தம் சரியும். 2012இல் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமி அப்படித்தான் சாகக் கிடந்தாள். மூட்டுவாதத்துக்குத் தரும் டோசிலிசுமாப் அவளை மீட்டது.

மருந்து இருக்கிறது, ஆபத்து நேரத்தோடு தெரியவேண்டும், அவ்வளவுதான். வார்டில் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை தெர்மாமீட்டர் வைப்பார்கள். தோலில் ஒட்டிய உணரிப் பட்டை தூங்குவதில்லை. ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்ப்பது அதனால்தான்.

ஐஐடி மும்பையும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. செல் ஏற்றிக்கொண்டவர் நான்கு வாரம் மருத்துவமனைக்கு அருகில் தங்கவேண்டும் என்றிருந்ததை, அமெரிக்காவில் 2025இல் இரண்டாகக் குறைத்தார்கள். புதுச்சேரியின் பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ சென்னைக்குப் போய் அறை எடுத்துத் தங்கும் குடும்பத்துக்கு அப்படிக் குறையும் இரண்டு வாரம் என்பது வாடகை, சாப்பாடு, விட்டுப்போன கூலி. பட்டை உதவினால் இங்கேதான் உதவவேண்டும்.

ஆனால் புதுச்சேரியின் மே மாதப் புழுக்கத்தில் ஒட்டியது ஒட்டியபடி நிற்குமா? தோலின் சூடு உள்ளுடம்பின் சூடும் அல்ல. இன்னொன்று: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கறுப்புத் தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஒளியை நம்பும் கருவி எதையும் நம் தோலில் சோதித்த பிறகே நம்பவேண்டும்.

எனக்கு வியப்பு வேறொன்றில். இந்தச் சிகிச்சையால் மூளை பாதிக்கப்படுகிறதா என்று அறிய நோயாளியைத் தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். நேற்று நேராக இருந்த கையெழுத்து இன்று கோணினால் கவலைப்பட வேண்டும். அந்தக் கோணலை முதலில் கவனிப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியாகவோ அக்காவாகவோ இருக்கலாம். பட்டை தரும் மருத்துவமனை அவர்களுக்கும் பயிற்சி தரட்டும். இரவு இரண்டு மணிக்கும் தமிழ் பேசுபவர் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணும் தரட்டும். எடுக்க ஆளில்லாத எச்சரிக்கை வெறும் சத்தம்.

இந்தச் சிகிச்சை முடிந்து வந்தவர் வீட்டில் இருந்தால், காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் சிகிச்சை தந்த மருத்துவமனையை அழையுங்கள். மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.