தலைக்கு மேலே இருக்கும் இடம்

வளைகுடாவில் உழைத்து ஓய்ந்து ஊர் திரும்பியவனுக்குக் குறைப்பட்டுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. வெளிநாட்டுவாழ் இந்தியர் கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றிக்கொள்ள வங்கிக்குப் போனால், போகும்போதெல்லாம் புதிதாக ஒரு தாள் கேட்கிறார்கள். வீட்டு மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரிலேயே கிடக்கிறது. மருத்துவமனையில் நம் டோக்கனைக் கூப்பிடும் நேரத்தில் யாரோ தெரிந்தவர் உள்ளே நுழைந்துவிடுகிறார். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் "எப்ப வந்தீங்க, எப்பத் திரும்பிப் போறீங்க?" என்றே கேட்கிறார்கள். இனி இங்கேதான் என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

"இந்த வயசுல இதையெல்லாம் மனசுல போட்டுக்காதீங்கப்பா" என்கிறாள் மகள். பாதிக்குப் பாதி அவள் சொல்வது சரி. போகிறீர்களா என்று ஊர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அது என்னோடு முடிகிற சங்கடம். ஆனால் ஒருவருடைய சௌகரியம் இன்னொருவருடைய பங்கைத் தின்னும்போது வருகிற கோபம் வேறு. வயதாகிவிட்டது என்பதற்காக அதையும் கைவிட எனக்குச் சம்மதமில்லை. விமானத்தில் பெட்டி வைக்கிற விஷயத்தை அப்படித்தான் பார்க்கிறேன்.

பிள்ளைகளைப் பார்க்க இன்றும் போய் வருவதால் திருச்சிக்கும் வளைகுடாவுக்கும் இடையே பறக்கும் விமானங்கள் எனக்குப் பழக்கம். கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ என்று விதி. நடைமுறையில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று, லேப்டாப் பை ஒன்று, டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பைகள் இரண்டு என்று ஏறுகிறவர்கள் உண்டு. கடைசி வரிசையில் சீட்டு வைத்திருப்பவர் வழியிலேயே ஆறாம் வரிசைக்கு மேலே பெட்டியைத் திணித்துவிட்டுப் போகிறார், இறங்கும்போது சுமக்க வேண்டாமே என்று. பிறகு, வரிசையில் பொறுமையாக நின்ற ஒரு தொழிலாளி கடைசியாக உள்ளே வருகிறார். அவர் சீட்டுக்கு மேலே இடமில்லை. முன்னும் பின்னும் நடந்து பார்க்கிறார். பணிப்பெண் இந்தியில் ஏதோ அதட்டுகிறார். தன் முறை வரும்வரை காத்திருந்ததைத் தவிர அந்த மனிதர் எந்தப் பிழையும் செய்யவில்லை.

அவர் பையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே கேம்ப் அறையில் தொங்கு தராசு வந்துவிடும். நிடோ பால் டின், டாங் பவுடர், கோடாலித் தைலம், கனத்த கம்பளி எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போகும். கயிறு கட்டி, பெயரையும் ஊரையும் மார்க்கரால் பெரிதாக எழுதுவார்கள். எடை கூடினால் ஒவ்வொன்றாக வெளியே வரும். எது யாருக்கு என்று தெரிந்தவனுக்கு அது வலிக்கும். கைப்பையில் பாஸ்போர்ட்டும் சான்றிதழும் மகளுக்கு வாங்கிய சிறு நகையும் இருக்கும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆண் 20 கிராம் நகையை, 50,000 ரூபாய் மதிப்புக்குள் வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று 2016-ஆம் ஆண்டு விதி சொன்னது. பெண்ணுக்கு 40 கிராம், ஒரு லட்சம். ஒரு பவுனே 50,000 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்திலும் அந்த வரம்பு அப்படியே நின்றது. சுங்கத்தில் என்ன கேட்பார்களோ என்ற பயத்தோடுதான் அவர் அந்தப் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதே 2016, ஆகஸ்ட் 3. திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே பயணிகள் 282 பேர், ஊழியர்கள் 18 பேர். புகைக்கு நடுவே மேல் அறைகளைத் திறந்து பைகளை எடுக்கும் கூட்டத்தைப் பயணி ஒருவர் எடுத்த வீடியோவில் உலகமே பார்த்தது. பலரும் அவர்களை ஏசினார்கள். என்னால் ஏச முடியவில்லை. அவர்கள் நம்மவர்கள், அந்தப் பைகளை நான் அறிவேன். ஆனாலும் அது சரியில்லை. 300 பேரும் உயிரோடு வெளியே வந்தது பெரும் பேறு. விமானம் நின்று ஒன்பது நிமிடம் போல ஆனபோது எரிபொருள் தொட்டி வெடித்து, தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்தார். வாசல்களில் பாதி அடைபட்டிருந்தாலும் நிறைந்த விமானம் 90 வினாடியில் காலியாக வேண்டும் என்பது விமானம் கட்டுகிறவர்களுக்கு இருக்கிற விதி. அந்தக் கணக்கில், தன் பெட்டிக்காக நடைவழியில் நிற்கும் ஒருவருக்கு இடமே இல்லை.

2024 ஜனவரி 2 அன்று திருச்சியில் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். அதே நாள் மாலை டோக்கியோவின் ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல் படை விமானத்தோடு மோதி எரிந்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்தின் எட்டு வாசல்களில் மூன்று மட்டுமே பயன்பட்டன. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. ஊழியர்கள் மெகாஃபோனில் கத்தினார்கள். 379 பேரும் இறங்கினார்கள், பெட்டிகளை விட்டுவிட்டு. ஜப்பானியர் வேறு பிறவி என்று நான் நினைக்கவில்லை. மேலே இருக்கும் இடம் எல்லோருக்கும் பொது என்று சாதாரண நாளில் பழகியவருக்கு, நெருப்பு நாளிலும் பின்னால் நிற்பவர் நினைவுக்கு வருவார் என்றே நம்புகிறேன்.

இதில் விமான நிறுவனங்களுக்கும் பங்குண்டு. சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குக் காசு ஏற ஏற, எல்லாச் சுமையும் கேபினுக்குள் வருகிறது. வாசலில் எளியவருடைய பையைத் தராசில் வைக்கிறவர்கள், கோட்டுப் போட்டவருடைய பையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நடக்கத் தெம்புள்ளவர்களும் வரிசையைத் தவிர்க்க வீல்சேர் கேட்பதால், உண்மையிலேயே கால் வராத மூதாட்டிகள் விமான வாசலில் காத்துக்கிடக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பெட்டி வரும் பெல்ட் அருகில் இன்னொரு வேதனை. அட்டைப்பெட்டி கிழிந்து பால் டின் நசுங்கி வந்தால் அந்தத் தொழிலாளி ஒன்றும் சொல்லாமல் அள்ளிக்கட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்துவிட்டது. அதன்படி, பெட்டி சேதமானால் கையில் வாங்கிய ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தாமதமாக வந்தால் 21 நாள் வரை அவகாசம். வெளியே போகும் முன்பே அங்குள்ள கவுண்டரில் படிவம் எழுதி நகல் வாங்கிக்கொள்வது நல்லது. படிவம் ஆங்கிலத்தில் இருப்பதால் பலர் தயங்குகிறார்கள். எனக்கு இப்போது அவசரம் இல்லை. கண்ணில் பட்டால் நின்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.

விமானம் ஏறுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். உங்கள் பையை உங்கள் வரிசைக்கு மேலேயே வையுங்கள்; சிறியதை முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். பாஸ்போர்ட், நகை, மருந்து மூன்றையும் உடம்போடு ஒட்டிய சிறு பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவசர வாசல் திறந்தால் மற்றதை விட்டுவிட்டு இறங்குங்கள். முதல் முறை பயணம் போகிற பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், விமானம் கிளம்பும் முன் இதை அவனுக்குத் தமிழில் சொல்லிவிடுங்கள்.