கூடாரம் போடும் முன்

லோயர் கேம்ப் என்று பஸ் போர்டில் படிக்கிறோம். அது ஒரு முகாமின் பெயர் என்பதே மறந்துவிட்டது. 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணை கட்டியவர்களின் மலையடிவாரத் தங்கல் இது. மேலே காட்டுக்குள் யானையைவிடக் கொடியது கொசு. மலேரியாவில் மாண்டவர்கள் ஏராளம். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது வேறு. உல்லாசப் பயணமா அது!

இன்று உல்லாசமாக மேகமலையில் மணலாறு, இரவங்கலாறு அணைப் பக்கம் கூடாரம் போட ஆசைப்படும் தம்பிகளே, அந்த மலை 2021 முதல் புலிகள் காப்பகம். நினைத்த இடத்தில் படுக்க முடியாது. முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். அடைமழைக் காலம் வேண்டாம். பையில் கறிமசாலாவுக்கு முன்னால் கொசுவலையை வையுங்கள்.