மூன்றாவது கம்பி

எட்டு வாரப் பவளக் கண்காணிப்புப் பயிற்சியில் ஐந்து வாரம் போய்விட்டது. மன்னார் வளைகுடாவின் தேசியக் கடல்பூங்கா 560 சதுர கிலோமீட்டர், 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதில் இதுவரை நான் பார்த்தது இரண்டு தீவுகளின் ஓரம், இருபது மீட்டர் நாடாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மீதியெல்லாம் சுவரில் தொங்கும் வரைபடம்தான். பூங்கா என்று அறிவித்தபோது தீவுகள் 21. அவற்றில் இரண்டு இப்போது தண்ணீருக்குள். வரைபடத்தில் மட்டும் இன்னும் பச்சைப் புள்ளிகளாக இருக்கின்றன.

*

வேலை சொல்வதற்கு எளிது. கடலடியில் அடித்து வைத்திருக்கும் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே நாடாவை இழுத்துக் கட்ட வேண்டும். நாடாவுக்கு நேர்கீழே உயிருள்ள பவளமா, செத்ததா, பாசியா, மணலா, எத்தனை சென்டிமீட்டர் என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுத வேண்டும். முதல் வாரம் எழுதியது எனக்கே புரியவில்லை. நீவாடு, அதாவது நீரோட்டம், ஆளைத் தள்ளும். கை ஒரு பக்கம் போகும், எழுத்து இன்னொரு பக்கம் போகும்.

மூன்றாவது கம்பிக்குப் பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு பவளம் இருக்கிறது. சோற்றுப்பானையைக் கவிழ்த்து வைத்த அளவு. போன முறை போனபோது மரப்பட்டை நிறத்தில் இருந்தது. இன்று அதன் உச்சி மட்டும் தேநீரில் பால் கூடிப்போன மாதிரி. வண்ண அட்டையைப் பக்கத்தில் பிடித்தேன். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய அட்டை அது. ஓரங்களில் 1 முதல் 6 வரை நிறக்கட்டங்கள்; 1 வெளிறியது, 6 அடர்ந்தது. எனக்கு 3 என்று பட்டது. கூட வந்த மூத்த ஆய்வாளர் 2 என்று விரலைக் காட்டினார். பலகையில் இருந்த 3-ஐக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு 2 என்று எழுதினேன்.

படகில் ஏறிய பிறகுதான் உறுத்தியது. நான் கண்டதை அழித்துவிட்டு அவர் கண்டதை என் பெயரில் எழுதியிருக்கிறேன். கரைக்கு வந்து சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "என் நிழல் அதுமேல விழுந்திருக்கலாம். ரெண்டையும் எழுது, யார் பார்த்ததுன்னும் எழுது" என்றார். இந்தப் பயிற்சியில் நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இதுதான் என்று தோன்றுகிறது.

*

பவளத்தின் நிறம் பெரும்பாலும் அதற்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். பவளத்துக்கு முக்கால் பங்குக்கு மேல் சோறு போடுவதும் அந்தப் பாசிதான். தண்ணீர் சூடேறி, வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் இந்தக் குடித்தனம் முறிந்து பாசி வெளியேறிவிடும். வெளுத்த பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கும். சீக்கிரம் சூடு தணிந்தால் பாசி திரும்பி வரும்.

2016-இல் தணியவில்லை. மன்னார் வளைகுடாவில் முந்தின ஆண்டு 38.9 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு அந்த ஆண்டு 22.7 ஆனது. கட்டுரையில் இதை வாசித்தபோது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. இப்போது அதே எண்ணை வாசித்தால், நாடாவின் மேல் மிதந்தபடி ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 'செத்தது, செத்தது' என்று எழுதிக்கொண்டே போன யாரோ ஒருவரின் கை நினைவுக்கு வருகிறது.

*

வெப்பநிலை பதியும் கருவி கட்டைவிரல் அளவுதான். கம்பியில் கட்டிவிட்டால் மணிக்கொரு முறை தானே பதிந்துகொள்ளும். எட்டு வாரத்துக்கு 1344 பதிவுகள். நான் தூங்கும்போதும் அது வேலை பார்க்கிறது என்பதில் ஒரு நிம்மதி, கொஞ்சம் பொறாமையும்.

படகோட்டி அண்ணனிடம் கருவி எதுவும் இல்லை. ஒரு வாரமாகக் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. எனக்கு அழகாக இருந்தது. அவர் முகம் சுளித்தார். "காத்து செத்துக் கிடந்தா தண்ணி கொதிக்கும் தாயி. கச்சான் எழும்பினாத்தான் பாருக்கு மூச்சு." பவளப்பாறையை இங்கே பார் என்பார்கள், மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். கச்சான் எழும்பினால் கடல் கலங்கும், எங்களால் இறங்க முடியாது என்றேன். "நீங்க எறங்கலைன்னா என்ன, பாரு பொழைச்சுக்கும்ல" என்றார்.

வியாழன் இரவு காற்று வந்தது. சனிக்கிழமை கருவியை எடுத்துக் கணினியில் போட்டுப் பார்த்தேன். வியாழன் இரவிலிருந்து கோடு இறங்கியிருந்தது. காற்று மேல்தண்ணீரையும் கீழ்த்தண்ணீரையும் கலக்கினால் சூடு தணியும் என்று பாடத்தில் படித்ததுதான். அவர் அதைப் பாடமாகப் படிக்கவில்லை, அவ்வளவே.

தரவுத்தாளில் தேதி, நேரம், ஆழம், வெப்பம், தெளிவு, பார்த்தவர் பெயர் என்று கட்டங்கள் இருக்கின்றன. காற்றுக்குக் கட்டம் இல்லை. படகோட்டிக்கும் இல்லை. பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது பட்டம், மதிப்பெண், நீச்சல் எல்லாம் கேட்டார்கள். காற்றின் பெயர் தெரியுமா என்று கேட்கவில்லை. அண்ணனின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அப்பாவோடு வந்து நங்கூரம் போடுகிறாள், நாடாவின் முனையைப் பிடிக்கிறாள். என்னைவிட நன்றாக முங்குகிறாள். பட்டம் இல்லாததால் அவள் விண்ணப்பிக்க முடியாது. இது தவறு. மாற்ற முடியாத விதியும் இல்லை.

*

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பார் வெளுப்பதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான்.

கடற்பாசி எடுக்கும் அக்கா ஒருவர் கரையில் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். பார் கிழித்துவிடாமலிருக்க, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக. மரிக்கொழுந்துப் பாசியைப் பற்றிக் கேட்டேன். "தீவுப் பக்கம் போகக் கூடாதுன்னு சட்டம். நீ மட்டும் எப்படிப் போற?" என்று திருப்பிக் கேட்டார். வனத்துறை அனுமதிக் கடிதம் என் பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்டக் கூச்சமாக இருந்தது.

*

அடுத்து வருகிறவருக்கு: கருவியின் மின்கலம் ஜூனில் மாற்ற வேண்டும். நிற அளவை எழுதும்போது உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காற்றைக் குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள். அண்ணனிடம் கேட்டால் சொல்வார், அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றாவது கம்பிக்குக் கீழே ஒரு கடல் முள்ளெலி இருக்கிறது. அங்கே கையை ஊன்றிவிடாதீர்கள்.