மெய்க்கீர்த்தியும் மெய்யும்

கொங்கு மண்ணிலிருந்து கிடைத்த உரோமானிய வெள்ளிக் காசுகளுள் பல, அகஸ்டஸ் பேரரசனின் தலையைத் தாங்கியவை. விளிம்பிலுள்ள இலத்தீன் எழுத்துகள் அவனைத் தெய்வமானவனின் மைந்தன் என்றும், நாட்டின் தந்தை என்றும் போற்றுகின்றன. வணிகத்தின் பொருட்டு வந்த காசு, வேந்தனின் புகழையும் உடன் சுமந்து வந்தது. ஆனால், அப்புகழ் எவ்வழியில் எய்தப்பெற்றது என்பதைக் காசு உரைப்பதில்லை. வென்றவன் தன்னைக் குறித்துச் சொல்வதையே வரலாறாக நாம் ஏற்கலாமா?

இவ்வினாவை அஞ்சாது எழுப்பியவர் சர் ரொனால்டு சைம். 1903ஆம் ஆண்டு நியூசிலாந்தின் எல்தம் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், ஆக்ஸ்போர்டு சென்று பயின்று, 1949 முதல் 1970 வரை அங்கே பண்டைய வரலாற்றுப் பேராசிரியராக விளங்கினார், 1989இல் மறைந்தார்.

1937இல் அகஸ்டஸ் பிறந்த ஈராயிரமாவது ஆண்டினை முன்னிட்டு, முசோலினியின் இத்தாலி உரோமில் பெருங்கண்காட்சி ஒன்றைத் திறந்தது. பழைய வேந்தனின் புகழில் புதிய சர்வாதிகாரி குளிர்காய்ந்தான். 1939 செப்டம்பரில், உலகப் போர் மூண்ட சில நாள்களில், சைமின் ‘உரோமானியப் புரட்சி’ என்னும் நூல் வெளிவந்தது.

அகஸ்டஸ் தன் செயல்களைத் தானே தொகுத்துரைத்த ஆவணம், அங்காரா நகரில் கோயிற் சுவரொன்றில் இன்றும் காணப்படுகிறது. நம் மன்னர்களின் மெய்க்கீர்த்தி போன்றது அது. பத்தொன்பது வயதில் தன் செலவில் படை திரட்டி நாட்டை மீட்டதாக அது தொடங்குகிறது. ஆனால், கி.மு. 43இல் மூவர் கூடிக் கொலைப்பட்டியல் வகுத்ததை அது சொல்லவில்லை. முன்பு தன்னை ஆதரித்துப் பேசிய முதிய நாவலர் சிசரோவும் அப்பட்டியலில் மாண்டதை அது சொல்லவில்லை. சைம் யார் யாருக்கு உறவு, எவர் எப்பதவி பெற்றார், எக்குடும்பம் அழிந்தது, எது தழைத்தது என்று பெயர் பெயராகத் திரட்டி, அம்மௌனத்தைப் பேச வைத்தார்.

அம்முறைக்கும் குறை உண்டு. உயர்குடியினரின் உறவுகளையே நோக்குமிடத்து, மக்களின் எண்ணங்களும் நம்பிக்கைகளும் மறைந்துபோகும் என்று இத்தாலிய அறிஞர் மொமிலியானோ 1940இலேயே எடுத்துரைத்தார். நேர்மையான குறிப்பு அது.

“உள்நாட்டுப் போர் ஓய்ந்து அமைதி பிறந்ததே! பின்னர் ஏன் பழம்புண்ணைக் கிளற வேண்டும்?” என்று சிலர் வினவலாம். அமைதி பிறந்தது மெய்யே. சைமும் அதை மறுக்கவில்லை. மரத்தின் நிழலில் இளைப்பாறுவது குற்றமன்று; வேரில் குருதியே பாயவில்லை என்று கூறுவதே குற்றம். அமைதிக்கு நன்றி சொல்வது ஒரு கடமை. மாண்டவரை மறவாதிருப்பது மற்றொரு கடமை. முன்னதைச் செய்தமையால் பின்னது தீர்ந்துவிடாது.

இசுபெயின், தென்கால் முதலிய மாகாணங்களிலிருந்து வந்த குடும்பங்கள் உரோமில் உயர்ந்த வரலாற்றையும் சைம் ஆர்வத்துடன் ஆராய்ந்தார். தாமும் தொலைவிலிருந்து வந்தவர். நியூசிலாந்துக் குடியுரிமையை இறுதிவரை விடாதவர். தலைநகரின் பெருமையில் மயங்காத பார்வை அவருக்கு வாய்த்ததில் வியப்பில்லை.

பிறந்த மண்ணைப் பிரிந்து வாழும் நமக்கும் அத்தகைய தொலைவு வாய்த்துள்ளது. ஆயின், பிரிவு பழம்பெருமையை மேலும் இனிக்கச் செய்கிறது. விழா மேடைகளில் நம் பிள்ளைகளுக்கு மூவேந்தரின் வெற்றிகளை எடுத்துரைக்கிறோம். தோற்றோர் நாட்டில் எரிந்த ஊர்களையும் பாழான வயல்களையும் சங்கப் புலவர் மறைக்கவில்லை. நாம் ஏன் மறைத்தல் வேண்டும்? மெய்க்கீர்த்தியைக் கற்பிப்போம், அது சொல்லாது விட்டவற்றையும் உடன் கற்பிப்போம். முழுதும் அறிந்த பின்னரும் பிள்ளைகள் தம் மரபை நேசிப்பராயின், அந்நேசமே நிலைத்து நிற்கும்.